பிள்ளைகளோடு ஒரு நாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தாம்பரத்தில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான். காலாண்டு விடுமுறையில் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று வீட்டில் ஒரே சண்டை. அதனால் இந்த அரையாண்டு லீவு விட்டதுமே கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தார். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் செய்து கட்டினேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் முக்கால் மணி நேரம் வரிசை. மாமியார் நாள் முழுக்க ஒரு மரத்தடியில் எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது மகள் "அவ்வளவுதானா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களுக்காகத்தானே போனோம்?

தெரிந்தவர்கள் எல்லாம் ஊட்டி, மூணாறு என்று போகிறார்கள். எங்களால் முடிவது ஒரு நாள்தான். பிள்ளைகளை இயற்கையான இடங்களுக்குக் கூட்டிப் போகச் சொல்லி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அங்கே போனாலும் 'போர்' என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு நாள் போய்வரலாம் என்கிறார் கணவர். எங்கே போகலாம்? பள்ளியில் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை வேறு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

வி., தாம்பரம்

அன்புள்ள வி.,

மகள் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாளெல்லாம் வரிசையில் நின்ற அலுப்பு அது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அடுத்த வரிதான். "அவர்களுக்காகத்தானே போனோம்?"

ஐந்து பேர் போயிருக்கிறீர்கள். நீங்கள் நாலு மணிக்கே அடுப்படிக்குப் போனீர்கள். உங்கள் கணவர் எப்படியும் வண்டி, டிக்கெட், பணம் என்றே அலைந்திருப்பார். மாமியார் பைக்குக் காவல். மூன்று பெரியவர்களும் வேலை பார்த்திருக்கிறீர்கள், பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் சந்தோஷமாக இருந்தாக வேண்டும். அப்படிப் போகும்போது அவர்கள் சிரிக்கிறார்களா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இவ்வளவு செலவுக்கு இன்னும் கொஞ்சம் சிரிக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றும். அது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகாது. அந்த வயதில் அது பெரிய பாரம்.

ராட்டினம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் ராட்டினமும் வேண்டும். ஆனால் அடுத்த முறை நீங்களும் பார்க்க ஆசைப்படுகிற ஓர் இடத்துக்குப் போங்கள். பெரியவர்கள் உண்மையிலேயே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் பார்வையும் அங்கே வந்துவிடும். "பாரு, பாரு" என்று அவர்களை முடுக்கிவிட்டு நாம் போனை எடுத்தால் அவர்களும் போனைத்தான் பார்ப்பார்கள்.

எங்கே என்று கேட்கிறீர்கள். தாம்பரத்தில் இருந்துகொண்டு, அதுவும் அரையாண்டு விடுமுறையில் கேட்கிறீர்கள். நான் வேறு ஊரே சொல்ல மாட்டேன். வேடந்தாங்கல்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் வலது பக்கம் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் பறவைகள் வந்து இறங்கும். அரையாண்டு லீவு சமயத்தில் மரங்களில் கூடு கட்டி, முட்டைகளும் குஞ்சுகளுமாக இருக்கும். தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு, வக்கா, கூழைக்கடா என்று எல்லாம் ஒரே மரத்தில்கூட இருக்கும். எச்சத்தால் இலையெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். வாடையும் அடிக்கும். முதலில் மூக்கைப் பிடிக்கிற பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள்.

இவையெல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் முட்டையிட வருகிறவை என்று கரையில் யாராவது சொல்லிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அங்கே கூடு கட்டுகிற பறவைகள் நம் நாட்டுப் பறவைகள். மழையையும் இரையையும் பார்த்து ஏரிக்கு ஏரி மாறுகிறவை. வடக்கே தொலைதூரத்திலிருந்து வருகிற நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை குளிருக்கு ஒதுங்கத்தான் வருகின்றன. அவை முட்டையிடுவது திரும்பிப் போய் அங்கேதான்.

போகிற நேரம் முக்கியம். காலையில் அவசர அவசரமாகக் கிளம்ப வேண்டாம். நடுப்பகலில் பாதிப் பறவைகள் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இரை தேடப் போயிருக்கும். மூன்று மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஐந்து மணிக்கு வானம் முழுக்க அவைதான். ஆகவே நீங்கள் நாலு மணிக்கு எழுந்து எதையும் கட்டத் தேவையில்லை. நிதானமாகக் குளித்து, பதினொரு மணி வாக்கில் புறப்பட்டு, வழியில் ஏதாவது ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கு உங்களுக்கும் லீவு. இதை உங்கள் கணவரிடமும் காட்டுங்கள்.

ஏரிக்கரையில் மர நிழலில் நடக்கலாம், உட்காரவும் இடம் உண்டு. உங்கள் மாமியாரைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. இன்னும் சொல்லப்போனால், அன்று அவர்தான் முன்னால் உட்கார வேண்டியவர். இது எங்கள் வீட்டில் நான் கண்டது. தங்கை மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. கரைக்கு வந்ததும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பைனாகுலரில் ஒரே ஒரு கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நத்தை குத்தி நாரையின் கூடு. ஒன்று குஞ்சுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அதன் ஜோடி அலகில் ஒரு சுள்ளியோடு வந்து இறங்கியது. இரண்டும் தலையை ஆட்டி ஆட்டி அலகைத் தட்டிக்கொண்டன. "வெறுங்கையோட வரல பாரு, ஒரு குச்சி கொண்டுவந்திருக்கு. இப்ப அது கிளம்புது, இது காவலுக்கு நிக்குது" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பையன் தலையைத் தூக்கி, "எந்த மரம் பாட்டி?" என்றான். அதற்கப்புறம் பைனாகுலர் அம்மா கைக்குத் திரும்பவே இல்லை.

நத்தை குத்தியின் அலகை உங்கள் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும். மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி போல. பிடிப்பது பெரும்பாலும் நத்தை. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். குஞ்சின் அலகையும் தாயின் அலகையும் பார்த்து வித்தியாசம் சொல்லச் சொன்னால் உங்கள் மகன் அரை மணி நேரம் நகர மாட்டான். கரண்டிவாயன் ஆழமில்லாத தண்ணீரில் அலகைப் பாதி திறந்து இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். நீர்க்காகம் முங்கி எழுந்து, கிளையில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். பைனாகுலர் இல்லையென்றால் யாரிடமாவது கடன் வாங்குங்கள், அங்கேயே வாடகைக்கும் கிடைப்பதுண்டு. ஒன்று போதும். ஆளுக்கொன்று இருந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பீர்கள்.

கொண்டுபோகக் கூடாதது ஸ்பீக்கரும் சத்தமும். இதில் நான் கொஞ்சம் கறார்தான். அந்தப் பறவைகள் இன்று அங்கே இருப்பதற்குக் காரணம் அந்த ஊர்க்காரர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்பே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் போய் முறையிட்டவர்கள். 1798-ல் பறவைகளைக் காக்கிற அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டு கவுல், அதாவது எழுத்துமூலமான உறுதிப் பத்திரம், கொடுக்கப்பட்டது. 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். சரணாலயம், வனத்துறை எல்லாம் பின்னால் வந்தவை. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் வேடந்தாங்கல் சேர்ந்தது. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்கு அனுபவத்தில் தெரியும். மகள் ஏழாம் வகுப்பு என்கிறீர்கள், இந்தக் கதை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் கரையில் நிற்கவைத்துப் பாடமாகச் சொல்லாதீர்கள். திரும்பும்போது வண்டியில் பேச்சுவாக்கில் சொல்லுங்கள். கேட்டால் கேட்கட்டும்.

இன்னொரு விஷயம். வந்தது வந்தோம், பக்கத்தில் அதையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. அன்று அதை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் இருந்தால்தான் ஒரு கூட்டில் என்ன நடக்கிறது என்றாவது தெரியும். மாமியார் கோவிலுக்குப் போக வேண்டும் என்றால் மட்டும், இருட்டிய பிறகு மதுராந்தகம் ஏரிகாத்த ராமரைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைக் கண்டார் என்று அந்தக் கோவிலில் சொல்லப்படுகிற கலெக்டர் லயனல் பிளேஸ்தான், வேடந்தாங்கல்காரர்களின் முறையீட்டைக் கேட்ட கலெக்டரும். மாமியாருக்கு ராமர் கதை தெரிந்திருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், கட்டுரை. அதை மனதில் வைத்துக்கொண்டு "என்ன பார்த்தே, எத்தனை பார்த்தே" என்று வழியெல்லாம் கேட்காதீர்கள். நாலாம் வகுப்புப் பையன் பறவை எச்சம் அப்பா சட்டையில் விழுந்ததைப் பற்றியே முழுக் கட்டுரையும் எழுதினால் எழுதட்டும். ஆசிரியர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போடுவார். அதைத் திருத்தி, பறவைகளின் பயன்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காமல் இருந்தால் சரி.

ஊட்டிக்குப் போகிறவர்கள் போகட்டும். உங்கள் கணவருக்குக் கிடைக்கிற ஒரு நாள் குறைவான நாள் ஒன்றுமில்லை, ஐந்து பேரும் ஒரே மரத்தைப் பார்க்கிற நாளாக அது இருக்குமானால்.

இந்த லீவுக்குள் முடியாவிட்டால் பொங்கல் விடுமுறையில் போங்கள், அப்போது குஞ்சுகள் இன்னும் பெரிதாகியிருக்கும். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். கரையில் நிற்கக்கூட இடம் இருக்காது.

அன்புடன்