கண் தெரிவதும் உண்மை தெரிவதும்

கேள்வி: எங்களுக்கு ‘ஈடிபஸ்’ நாடகம் பாடமாக இருக்கிறது. கண்ணை இழந்த பிறகுதான் அவனுக்கு உண்மை தெரிந்தது என்று நோட்ஸில் போட்டிருக்கிறார்கள். என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. “உனக்கு ஞானக்கண் இருக்குடா” என்று யாராவது சொன்னால் எரிச்சல்படுவான். நாடகத்தை எழுதிய சோஃபக்ளீஸும் அதைத்தான் சொல்கிறாரா?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இல்லை அம்மா. உங்கள் தம்பியின் எரிச்சல் நியாயமானது. நோட்ஸை மூடிவிட்டு நாடகத்தையே எடுத்துப் படியுங்கள். தந்தையைக் கொன்றவனும் தாயை மணந்தவனும் தானே என்பது ஈடிபஸுக்குத் தெரியவரும்போது அவனுக்குக் கண் நன்றாக இருக்கிறது. கண்ணைக் குத்திக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

அந்த உண்மை அவனுக்கு எப்படிக் கிடைக்கிறது? விடாமல் கேட்டுக் கேட்டுத்தான். அவன் மணந்த தாய் யோகஸ்டா, “நீ யாரென்று உனக்குத் தெரியவே வேண்டாம்” என்று கெஞ்சுகிறாள். அவன் நிறுத்துவதில்லை. கடைசியில் அவன் பிறப்பின் ரகசியம் தெரிந்த கிழட்டு இடையனைப் பிடித்து உலுக்குகிறான். சொல்லவே கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேனே என்று இடையன் நடுங்குகிறான். நானும் கேட்கக் கூடாததைக் கேட்கும் இடத்தில்தான் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான் ஈடிபஸ். நாடகத்தின் உயிர் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டைரீசியஸ் பார்வையில்லாத தீர்க்கதரிசி. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது சரி. ஆனால் அந்த அறிவு அப்போலோ தெய்வத்திடமிருந்து வந்ததாக நாடகம் வைக்கிறது. பார்வை போனதற்குக் கிடைத்த பரிசாக அல்ல.

நோட்ஸ் எழுதியவர் குழம்பியதற்கும் காரணம் உண்டு. கிரேக்கத்தில் ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கான ‘ஒய்தா’ என்ற சொல் பார்த்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கிரேக்க உச்சரிப்பில் ‘ஒய்திபூஸ்’ என்ற ஈடிபஸின் பெயரிலும் அந்த ஒலி கேட்கிறது. நம் ‘தெரியும்’ மட்டும் என்ன? கண்ணும் தெரியும், கணக்கும் தெரியும். சொல்லில் ஒட்டியிருக்கும் இந்த இரண்டையும் சோஃபக்ளீஸ் பிரித்துப் பார்க்கிறார்.

அப்புறம் ஏன் குத்திக்கொண்டான்? அவனே சொல்கிறான்: செத்துப்போய்ப் பாதாளம் சேர்ந்தால் அப்பாவையும் அம்மாவையும் எந்தக் கண்ணால் பார்ப்பேன்? முடிந்தால் காதையும் அடைத்துக்கொள்வேன் என்கிறான். உண்மை தெரிந்தவனின் தாங்க முடியாத அவமானம் அது. பிறகு, மகள்களைக் கையால் தொட்டால் பார்வை இருந்தபோதுபோலவே அவர்கள் என்னிடம் இருப்பதாகத் தோன்றும் என்கிறான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் விசும்பும் சத்தம் அவனுக்குக் கேட்கிறது. அங்கே ஞானக்கண் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகளைத் தேடும் ஓர் அப்பாவின் கை மட்டும்தான் இருக்கிறது.

இந்த நாடகத்தைத் தம்பிக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். யோகஸ்டாவின் உடையிலிருந்த தங்க ஊசிகளைப் பிடுங்கி ஈடிபஸ் கண்ணில் குத்துவது மேடையில் நடப்பதில்லை. ஒரு பணியாள் வந்து சொல்கிறான். அன்று ஏதென்ஸில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைக் காதால்தான் கேட்டார்கள்.