ஓய்வு கேட்டால் அழைப்பை மறுதலித்ததாகுமா?

கேள்வி: காவிரி டெல்டாவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் 14 ஆண்டுகளாகச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் ஊழியராக, இருக்கிறேன். இப்போது 4 பேர் கொண்ட குழுவுக்கு நானே பொறுப்பாளர். இரவு அழைப்புகள் எல்லாவற்றுக்கும் நானே போகிறேன். அண்மையில் பிரசவத்தில் ஓர் இளம்பெண் இறந்தபோது, அவளுடைய தாயின் அருகில் நின்று வழக்கமான ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். உள்ளுக்குள் எதுவும் அசையவில்லை. என் ஜெபத்தால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றுகிறது. வீட்டில் சிறு பேச்சுக்கும் எரிந்து விழுகிறேன். ஓய்வு கேட்டால் அழைப்பை மறுதலித்தவனாகி விடுவேனோ?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

உள்ளுக்குள் எதுவும் அசையவில்லை என்ற வரியைத் தாண்ட எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அதை நீங்கள் விசுவாசக் குறைவாக எண்ணி வெட்கப்படுகிறீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை விளக்கியபோது, ஆற்றல் வற்றிப்போவது, பணியிலிருந்து மனம் விலகிப்போவது, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் என மூன்று அடையாளங்களைச் சொன்னது. அதை நோயாக வகைப்படுத்தாமல், நெடுநாள் நீடித்து உரியபடி கவனிக்கப்படாத பணி அழுத்தத்தின் விளைவாகவே அது கருதுகிறது. உங்கள் கடிதத்தில் இவற்றின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் நானும் பல வாரங்கள் இருந்தேன். பகலெல்லாம் பிள்ளைகளைத் தேடும் பெற்றோருடன் நடப்பேன். இரவில் எனக்கென்று வைத்திருக்கும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே படுத்துவிடுவேன். அதை ஒருவகை உபவாசம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஒருநாள் விடியற்காலையில், எறும்பு மொய்த்துக் கிடந்த அந்தப் பொட்டலத்தை முகாமிலிருந்த ஒரு மூதாட்டி பார்த்துவிட்டார். தம் பேரப்பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். ஒன்றும் சொல்லாமல் போய், ஒரு குவளை கஞ்சியும் ஒரு துண்டு கருவாடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சாப்பிடாம படுத்தா இன்னைக்கு எப்படி ஐயா நடப்பீங்க?" என்று கேட்டார். நான் குடித்து முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசியின் கதையை அன்று முதல் நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது நாம் எல்லோரும் ஆண்டவர் எலியாவோடு பேசிய அமர்ந்த மெல்லிய சத்தத்துக்கே விரைந்து போய்விடுகிறோம். அதற்கு முன்பு, தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்ததும், அவன் உண்டு மறுபடியும் படுத்ததும், தூதன் இரண்டாந்தரமும் வந்து உண்ணச் சொன்னதும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. அதுவரையில் அவனிடம் எந்தக் கணக்கும் கேட்கப்படவில்லை. களைத்தவனுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தவை உறக்கமும் உணவும் என்றால், அவற்றை நீங்கள் கேட்பது எப்படி மறுதலிப்பாகும்?

நம் பகுதிச் சபைகளில் இந்த அச்சம் ஆழமாக வேரூன்றியிருப்பதற்கு நாம் சொல்லிவரும் வரலாறும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1719-இல் தம் 36-ஆம் வயதிலேயே மரித்ததைக் கண்ணீரோடு நினைவுகூர்கிறோம், அது தகும். ஆனால் 1750-இல் அதே தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ், 1798-இல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை ஏறத்தாழ 48 ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்ததை அதே உருக்கத்தோடு பேசுவதில்லை. நீடித்து நிற்பதும் அழைப்புக்குக் கீழ்ப்படிவதுதான்.

இனி, குழுவின் பொறுப்பாளராக உங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். இரவு அழைப்புகளை எல்லாம் நீங்களே ஏற்பதை அன்பு என்று கருதுகிறீர்கள். உங்களுடன் இருக்கும் நால்வரும் அதிலிருந்து கற்றுக்கொள்வது, ஓய்வெடுப்பவர் ஊழியத்தில் குறைந்தவர் என்பதையே. வாயால் எத்தனை முறை ஓய்வெடுக்கச் சொன்னாலும், அவர்கள் உங்கள் நடையைத்தான் பின்பற்றுவார்கள். இப்படியே போனால் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று மோசேயிடம் அவருடைய மாமனார் எச்சரித்ததில், ஜனங்களையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். ஆகவே இரவு முறையை ஐவரும் பகிர்ந்துகொள்ளும்படி எழுதி, மருத்துவ நிர்வாகியின் ஒப்புதலோடு செவிலியர் அறையில் ஒட்டிவிடுங்கள். ஞாயிறு உங்களுக்கு வேலைநாள் என்பதால், வாரத்தில் வேறொரு நாளை ஓய்வுநாளாகக் குறித்து, அன்று கைபேசியை மற்றொருவரிடம் ஒப்படையுங்கள்.

நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நட்டார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கவும், இளைப்பாறியபின் அதே சுமையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அந்தக் கல் நிற்கும். பிரசவத்தில் மாண்ட அந்தப் பெண்ணின் துயரத்தை நீங்கள் இன்னும் எங்கும் இறக்கிவைக்கவில்லை. அதைக் கேட்பதற்கு, உங்கள் பணிமாற்றத்தையோ பதவி உயர்வையோ தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர் வேண்டும். வேறு திருச்சபையின் மூத்த போதகராகவோ, பயிற்சி பெற்ற ஆலோசகராகவோ இருக்கலாம். நோயாளியின் அடையாளத்தைச் சொல்லாமலே உங்களுக்குள் நடந்ததைச் சொல்ல முடியும். அந்தப் பாரம் முழுவதையும் உங்கள் மனைவியின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது மன்னிப்பு.

ஜெபம் வராத நாட்களில் சொந்த வார்த்தைகளைத் தேடி வருந்தாமல் 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அது ஆறுதலில் முடியாமல் இருளிலேயே முடிகிறது. அப்படியும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது.

சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மையோ வெறுமையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இரவு முறைப் பட்டியலை ஒட்டிய பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். முதல் ஓய்வுநாளில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள், காத்திருப்பேன்.