மகள் வரைந்த கிளியும் பஞ்சிங் வேலையும்

ஐயா, வணக்கம்.

கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே அதனுடன் இருந்த கிளிப் படத்தைத்தான் பார்த்தேன். கழுத்து வளையத்தை உங்கள் மகள் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாள். கோட்டில் தயக்கமே இல்லை.

அவள் +2 வணிகவியலில் 600க்கு 431 வாங்கியிருக்கிறாள். நீங்கள் பி.காம். விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறீர்கள், அவளோ எம்ப்ராய்டரி பஞ்சிங், அதாவது படத்தை எம்ப்ராய்டரி மெஷின் தைக்கும் டிசைனாக மாற்றும் வேலை, கற்கப் போகிறேன் என்கிறாள். ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. உங்கள் மைத்துனர், “படத்தைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரே டிசைன் ஆக்கிவிடும், இதற்கு ஒரு படிப்பா?” என்று கேலி செய்கிறார். கடைசி வரியில், “இருபது வருடம் திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்துவிட்டேன், என் மகளும் பனியன் கம்பெனிக்கே போக வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் மைத்துனருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொல்கிற பட்டன் இருப்பது உண்மைதான். அது புதிதும் அல்ல, டிசைன் மென்பொருள்களில் வெகுநாளாக இருக்கிறது. நான்கு எழுத்தில் ஒரு பெயர், தட்டையான ஒரு நட்சத்திரம் என்றால் ஓரளவு ஒப்பேற்றியும் விடும். கிளியைக் கொடுத்தால்தான் சிக்கல். மென்பொருள் படத்தில் நிறத்தை மட்டும் பார்க்கிறது. மெஷினுக்கோ நிறத்தால் பயன் இல்லை. ஊசி அடுத்து எந்தப் புள்ளியில் இறங்க வேண்டும் என்ற கட்டளை ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும். தொழிற்சாலைகளில் பெரிதும் புழங்கும் டிஎஸ்டி கோப்பில் நூலின் நிறம்கூடப் பதிவாவதில்லை. “இங்கே நில், நூலை மாற்று” என்பதோடு சரி. மற்றதெல்லாம் 0.1 மி.மீ. கணக்கில் ஊசியின் நகர்வு. பச்சைக்குள் ஊசி எந்தத் திசையில் ஓட வேண்டும், எதை முதலில் தைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அந்த யாரோதான் பஞ்சர்.

உங்கள் மகளின் கிளியையே எடுத்துக்கொள்வோம். உடம்பு பெரிய பரப்பு, அதற்கு டாடாமி என்கிற நிரப்புத் தையல். வரிசைக்கு வரிசை 0.4 மி.மீ. இடைவெளி, ஒரு தையல் சுமார் 4 மி.மீ. நீளம் என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 62 தையல் போல வரும். உடம்பில் தையலை நெடுக்காக ஓட்டி, சிறகில் சாய்வாக ஓட்டினால் ஒரே பச்சை நூல் வெளிச்சத்தில் இரண்டு பச்சையாகத் தெரியும். ரேயான் நூலின் மினுமினுப்பு செய்யும் வேலை அது. அவள் பென்சிலால் நிழல் போட்ட இடத்தில் இங்கே நூலின் திசையைத் திருப்ப வேண்டும். வரையத் தெரிந்த பிள்ளைக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும், மற்றவர்களுக்கு நாளாகும்.

கழுத்து வளையத்துக்கு சாட்டின், அதாவது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நூல் நேராகப் பாயும் தையல். வளையம் 3 மி.மீ. அகலம் என்றால் அழகாக வரும். 8 மி.மீ. தாண்டினால் நூல் தொளதொளவென்று கிடந்து, சட்டைப் பொத்தானில் மாட்டி இழுபடும், அப்போது நடுவில் பிளக்க வேண்டும். அலகின் வளைவில் உள்பக்கம் தையல்கள் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கும். அங்கே சிலவற்றைக் குட்டையாக்காவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஆபரேட்டர் பஞ்சரைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு தையல் உண்டு, அண்டர்லே. மேல்தையல் விழுவதற்கு முன் துணியையும் பின்னால் வைக்கும் பேப்பரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதற்காகப் போடுவது. முடித்த கிளியில் அது கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாத கிளியை ஒரு முறை துவைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

பட்டன் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. நூல் துணியை இழுக்கும். தையல் ஓடும் திசையில் வடிவம் சுருங்கும், குறுக்கே பிதுங்கும். திரையில் கச்சிதமான வட்டம் போட்டு, அதைப் பின்னலாடைத் துணியில் ஓட்டிப் பாருங்கள், முட்டையாகத்தான் வரும். ஆகவே பஞ்சர் திரையில் வட்டத்தைக் கொஞ்சம் கெடுத்து வரைவார், இழுக்கும் பக்கத்தில் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை கூட்டி வைப்பார். எவ்வளவு கூட்டுவது என்பது மெல்லிய டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சிக்கு ஒன்று, காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கான பிகேவுக்கு ஒன்று, டெனிமுக்கு ஒன்று. திரையில் தப்பாகத் தெரிந்தால்தான் துணியில் சரியாக வரும் என்பதை மைத்துனரின் பட்டன் தானாக அறியாது. துணியைத் தொட்ட ஒருவர்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும்.

இதற்குச் சம்பளம் கொடுப்பவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீஸ் கணக்கு எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணக்கு. 8,000 தையல் கொண்ட டிசைன், நிமிடத்துக்கு 800 தையல் ஓட்டும், ஒரே நேரத்தில் 20 பீஸ் தைக்கும் 20 ஹெட் மெஷின், 2,000 பீஸ் ஆர்டர். ஒரு ஓட்டத்துக்கு 10 நிமிடம், மொத்தம் 100 ஓட்டம். தேவையற்ற அடர்த்தியைக் குறைத்து, தோற்றம் கெடாமல் 1,500 தையலை மிச்சம் பிடிக்கிற பஞ்சர், அந்த ஒரு ஆர்டரில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக மெஷின் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். நூல் அறுந்து நிற்கும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

‘பஞ்சிங்’ என்ற பெயர் ஏன் என்று அவள் கேட்டால் சொல்லுங்கள். 1863இல் ஸ்விட்சர்லாந்தில் ஐசக் குரோப்லி என்பவர் ஷிஃப்லி எம்ப்ராய்டரி மெஷினை உருவாக்கினார். பின்னாளில் அந்த மெஷின்களை ஓட்டத் துளையிட்ட அட்டைகள் வந்தன. படத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து, அதன்மேல் ஒவ்வொரு தையலாகக் குறித்து, அட்டையில் துளை போடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அட்டை போய்விட்டது, பெயர் மட்டும் திருப்பூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இனி அந்த 45,000 ரூபாய். இப்போதைக்குக் கட்டாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு பயிற்சிக்கு நானே ஒரு பையனை அனுப்பி வைத்தேன். மூன்று மாதம் மென்பொருளின் மெனுவை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். ஒரு மெஷின்கூட அங்கே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் அவனுடைய முதல் டிசைன், பிகே டி-ஷர்ட்டின் மார்பில் 3 மி.மீ. உயர எழுத்துகள். திரையில் முத்து முத்தாக இருந்த எழுத்து, துணியில் எறும்புப் புற்றை மிதித்ததுபோல வந்தது. சிறிய எழுத்தென்றால் 5 மி.மீ.க்குக் கீழே போகத் தயங்க வேண்டும், போனால் மெல்லிய நூலும் ஊசியும் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்க்காமல் அனுப்பியது என் தவறு. அன்று முதல் எந்த நிலையத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “மாணவர் செய்த டிசைனை அன்றைக்கே ஓட்டிப் பார்க்க மெஷின் இருக்கிறதா?” என்பதுதான். “இல்லை” என்றாலோ, “கடைசி வாரத்தில் காட்டுவோம்” என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

அவளுக்கு உண்மையிலேயே இதில் கை வருமா என்று பார்க்கச் செலவில்லாத வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இங்க்/ஸ்டிச் என்ற இலவச இணைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் சாதாரணக் கணினி போதும். கிளிப் படத்தை உள்ளே கொண்டுபோய், அதன்மேல் ஒவ்வொரு பகுதியையும் தானே கோடிட்டு, உடம்புக்கு நிரப்பு, வளையத்துக்கு சாட்டின், கால் நகத்துக்கு ஓட்டத் தையல் என்று பிரிக்கச் சொல்லுங்கள். பின்னால் இருப்பதை முதலில், முன்னால் இருப்பதைப் பிறகு, கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியாக. ஊசி எப்படி ஓடும் என்பதைத் திரையிலேயே ஓட்டிக் காட்டும் வசதி அதில் உண்டு. டிஎஸ்டி கோப்பாகச் சேமித்து, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில், ஆர்டர் குறைந்த நாளில் ஓட்டித் தரக் கேளுங்கள். முதல் சாம்பிள் கெடும், கெட்டே தீரும். எங்கே கெட்டது என்று அவளே பார்த்துத் திருத்தி இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றாவது சாம்பிளுக்கும் அவளுக்கு ஆவல் குறையாமல் இருந்தால் அதுதான் பதில். முதலாவதிலேயே சலித்துப்போனால் அதுவும் பதில்தான், 45,000 ரூபாய் மிச்சம்.

பெரிய யூனிட்களில் வில்காம் என்ற ஆஸ்திரேலிய மென்பொருள் பரவலாக உண்டு, விலை அதிகம். திருட்டு நகல் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். கருவி மாறலாம், அண்டர்லே, அடர்த்தி, இழுப்பு எல்லாம் மாறாது. இங்க்/ஸ்டிச்சில் புரிந்தவளுக்கு வில்காமில் புதிதாகக் கற்க வேண்டியது மெனுக்கள் இருக்கும் இடம்தான்.

படிப்பைப் பொறுத்தவரை பி.காம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சிங் மட்டும் போதும் என்று +2வோடு நிறுத்துவதை ஏற்கமாட்டேன். கோவை, திருப்பூர் பக்கக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. எம்ப்ராய்டரி மெஷின் ஓடும் நிலையில் உள்ள கல்லூரியைத் தேடுங்கள், உறையால் மூடி வைத்திருக்கும் மெஷின் கணக்கில் சேராது. ஐ.டி.ஐ.யில் கணினி வழி எம்ப்ராய்டரி, டிசைனிங்குக்கென்றே ஓராண்டுப் பிரிவு உண்டு, எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது. பி.காம்.தான் என்று முடிவானாலும் மாலையில் ஒரு யூனிட்டில் ஆபரேட்டருக்கு உதவியாக அவளை ஆறு மாதம் நிற்கச் சொல்வேன். பிரேம் மாட்டி, நூல் கோத்து, அறுந்த நூலை எடுத்துப் பழகியவர் செய்யும் டிசைன் தனியாகத் தெரியும்.

இந்த வேலையின் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. எளிய பெயர்களும் தட்டையான லோகோக்களும் இனி மென்பொருளிடமே போகும். வெளிநாட்டுக் கடைகளுக்கு இரவோடு இரவாக லோகோ பஞ்சிங் செய்து அனுப்பும் வேலையில் போட்டி கடுமை, விலை அடிமட்டம். அதை நம்பிச் சேரக் கூடாது. நின்றுபிடிப்பவர்கள், சாம்பிள் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு துணிக்கும் டிசைனை மாற்றித் தருபவர்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அவள் திரைப் படங்களை எடுத்துச் செல்ல வேண்டாம், தைத்த துண்டுகளைக் கொண்டு போகட்டும். விவரம் தெரிந்த முதலாளி முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். சாட்டின் தையலின் பின்னால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், அதாவது அடியிலிருந்து வரும் நூல், தெரிந்தால் நூலின் இழுவை சரி. இன்னொன்று, பிரபல கம்பெனிகளின் லோகோவைச் செய்து மாதிரியாகக் காட்ட வேண்டாம். அவளிடம் சொந்தமாக ஒரு கிளி இருக்கிறது.

கடைசி வரிக்கு வருகிறேன். ஆம், பனியன் கம்பெனிதான். ஆனால் அவள் உட்காரப்போவது வேறு மேஜை. அந்த மேஜையில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கணினியில் அல்ல, துணியில். எந்தத் துணி எந்தப் பக்கம் இழுபடும், எது ஊசி பட்டால் ஓட்டை விழும், எது துவைத்தால் சுருங்கும் என்பதெல்லாம் இருபது வருடமாக உங்கள் விரலில் இருக்கிறது. அந்த 45,000 ரூபாய் நிலையத்தில் இதைச் சொல்லித் தர ஆள் இருக்கிறாரா என்று தெரியவில்லை, உங்கள் வீட்டில் இருக்கிறார்.

இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும்போது, கட்டிங் வேஸ்ட்டிலிருந்து சிங்கிள் ஜெர்சி, பிகே, இரட்டைப் பின்னலான இன்டர்லாக் மூன்றிலும் ஒரு அடித் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். அவளை எதிரில் உட்கார வைத்து, எது எந்தப் பக்கம் எவ்வளவு நீள்கிறது என்று இழுத்துக் காட்டுங்கள். கிளியை அதன் பிறகு அவள் தொடங்கட்டும். மூன்று சாம்பிளையும் தேதி எழுதிக் கொண்டு வந்தால், கெட்டுப்போன முதலாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.