கணினி கேள்வி–பதில்: ‘போர்ட்டல்’ என்று அடித்தால் போதாதா?

கே: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு எல்லாம் உள் இணையதளத்தில்தான். திறக்க வேண்டுமென்றால் சர்வரின் ஐபி எண், அதன் பின்னால் 8080 என்ற போர்ட் எண் (சர்வரில் எந்தச் சேவை என்று காட்டுவது) அடிக்க வேண்டும். யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ‘போர்ட்டல்’ என்ற பெயரை டிஎன்எஸ்ஸில் பதிந்தேன். பிங் (ping) கட்டளையால் சோதித்தால் பதில் வருகிறது. பிரவுசரில் வேறு ஏதோ பக்கம் வருகிறது. இருப்பது விண்டோஸ் சர்வர், இணையதளத்தை நடத்தும் ஐஐஎஸ், ஊழியர் லாகினையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி.
– வாசகர், திருப்பூர்

ப: பெயர் சரியான ஐபிக்குப் போகிறது என்றால் டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது. பெயரை எண்ணாக மாற்றித் தருவதோடு சரி. பெயருக்கு எதிரே ஐபி எண்ணைப் பதியும் ஏ ரெக்கார்டில் 8080-ஐ எழுத இடமே கிடையாது. போர்ட் எதுவும் சொல்லாவிட்டால் பிரவுசர் 80-க்குப் போகும். அங்கே ஐஐஎஸ் நிறுவியபோதே வந்த ‘டீஃபால்ட் வெப்சைட்’ இருக்கும். நீங்கள் பார்த்தது அநேகமாக அதைத்தான்.

ஐஐஎஸ் மேனேஜரில் உங்கள் தளத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் ‘பைண்டிங்ஸ்’ (தளம் எந்தப் பெயருக்கும் போர்ட்டுக்கும் பதிலளிக்கும் என்ற பட்டியல்), அதில் ‘ஆட்’ அழுத்துங்கள். வகை எச்டிடிபி, போர்ட் 80, ஹோஸ்ட் நேம் பெட்டியில் போர்ட்டல். இதேபோல இன்னொரு வரி சேர்த்து, அதில் உங்கள் நெட்வொர்க்கின் பெயரான டொமைனையும் புள்ளி வைத்துச் சேர்த்த முழுப்பெயரை எழுதுங்கள். இந்த இரண்டாவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹோஸ்ட் நேம் எழுதிய வரிக்கே முன்னுரிமை என்பதால் டீஃபால்ட் தளத்தை நிறுத்தத் தேவையில்லை. பழைய 8080 வரியையும் உடனே அழிக்காதீர்கள். புக்மார்க் வைத்திருப்பவர்கள் மறுநாள் காலையிலேயே உங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

டொமைனில் சேர்ந்த கணினி, ஒற்றைச் சொல்லின் பின்னால் டொமைன் பெயரைத் தானே ஒட்டித்தான் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. போன்களிலும் டொமைனில் சேராத லேப்டாப்களிலும் இதை நம்ப முடியாது. அவர்களுக்கு முழுப்பெயரையே கொடுங்கள்.

குரோமும் எட்ஜும் ஒற்றைச் சொல்லைக் கண்டால் கூகுளிலோ பிங் (Bing) தேடலிலோ தேடப் போய்விடும். கடைசியில் ஒரு சாய்கோடு (/) போட்டால் தளத்துக்குப் போகும். ஊழியர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லி மாளாது. ஒற்றைச் சொல்லை உள் தளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் அமைப்பு) இரண்டு பிரவுசருக்கும் உண்டு.

கே: எங்கள் உள் தளம், ‘போர்ட்டல்’ போன்ற சுருக்கப் பெயரில் போனால் நேராகத் திறக்கிறது, முழுப்பெயரில் பாஸ்வேர்டு கேட்கிறது. சர்வரிலேயே திறந்தால் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் லாகின் தோல்வி என்ற 401.1 பிழை. ஏன்?
– வாசகர், ஓசூர்

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறு. புள்ளி இல்லாத பெயரை விண்டோஸ் ‘லோக்கல் இன்ட்ராநெட்’ வட்டத்தில் சேர்த்து, லாகின் விவரத்தைத் தானே அனுப்பிவிடும். புள்ளி இருந்தால் வெளி இணையம் என்று நினைத்து நிறுத்திவிடும். குரூப் பாலிசியில் ‘சைட் டு ஸோன் அசைன்மென்ட் லிஸ்ட்’ திறந்து, முழுப்பெயருக்கு எதிரே 1 என்று போடுங்கள்.

401.1-க்குக் காரணம் லூப்பேக் செக். சர்வர் தன் சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தன்னையே அழைத்தால் லாகினை மறுக்கும் பாதுகாப்பு அது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், அதன் பாதுகாப்புப் பகுதியான எல்எஸ்ஏ-வின் கீழுள்ள ‘எம்எஸ்வி1_0’ பகுதியில் ‘பேக்கனெக்‌ஷன்ஹோஸ்ட்நேம்ஸ்’ என்ற மல்டி ஸ்ட்ரிங் மதிப்பை உருவாக்கி, இரண்டு பெயர்களையும் வரிக்கொன்றாக எழுதி, ஐஐஎஸ்ஸை மறுபடி தொடங்குங்கள். சோதனையையே அணைத்துவிடும் வழியும் உண்டு. வேண்டாம், ஒரு பெயருக்காக அந்தக் காவலையே மொத்தமாக எடுப்பது வீண்.

கே: சுருக்கப் பெயருக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் (எச்டிடிபிஎஸ் பாதுகாப்புக்கு வேண்டியது) வாங்க முடியுமா?
– வாசகி, கோவை

ப: விலைக்குக் கிடைக்காது. இப்படி நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும் உள்பெயர்களுக்கான சான்றிதழ்களைப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பரோடு நிறுத்தின. மிச்சமிருந்தவை 2016 அக்டோபருக்குள் ரத்தாயின. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான டொமைனில் ஒரு துணைப்பெயரை எடுத்து அதற்குச் சான்றிதழ் வாங்குங்கள். சுருக்கப் பெயரைச் சாதா எச்டிடிபியில் வைத்து அங்கே திருப்பிவிடுங்கள். சோதிக்கும் நாட்களில் தற்காலிகமான 302 திருப்பலே போதும். நிரந்தரமான 301 போட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு முகவரியை மாற்றினாலும் பழைய இடத்துக்கே போகும்.