நாட்டுக்கோழிக்குச் சளியா? மருந்துக்கு முன் முகத்தைப் பாருங்கள்

கேள்வி: கொல்லையில் 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். சந்தையில் இரண்டு பெட்டைகள் வாங்கி விட்ட நாலாம் நாளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றுக்கு மூக்கில் சளி ஒழுகுகிறது. ராத்திரியில் கொர்கொர் என்று சத்தம். ஒரு கோழிக்குக் கண் வீங்கி மூடிவிட்டது. வீட்டில் இருந்த அமாக்ஸிசிலின் மாத்திரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். ஐந்தாறு நோய்களுக்குச் சளி பொது அடையாளம். கோழிகளின் நாள்பட்ட சுவாச நோய்க்குக் காரணமான மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல் சுவரே கிடையாது; அமாக்ஸிசிலினோ அந்தச் சுவரைத் தாக்கும் மருந்து. எனவே அந்த நோயில் அது எவ்வளவு கொடுத்தாலும் வேலை செய்யாது.

முதலில் சளி பிடித்தவற்றைத் தனியே அடையுங்கள். மற்றவற்றிலிருந்து 20, 30 அடியாவது தள்ளி, காற்றோட்டமான, சாரல் படாத இடம் வேண்டும். தீனிச்சட்டி, தண்ணீர்ச்சட்டி தனி. நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே நோய்க் கோழிகளிடம் போங்கள். திரும்பி வந்ததும் கை கால் கழுவுங்கள். கோழியைத் தொடும்போது முகக்கவசமும் கையுறையும் போடுவது நல்லது.

இப்போது ஒன்றைத் துணியால் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்து முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே உப்பி, மூக்குத் துவாரத்தில் சளி காய்ந்து ஒட்டி, முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடித்தால் கொரைசா எனும் தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். நோய் தாங்கிய கோழியோடு சேர்ந்த 1 முதல் 3 நாளில் இது தெரியும் என்பதால், உங்கள் விவரத்துக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது. கண்ணோரம் நுரை, நாற்றமில்லாத சளி, வாரக்கணக்கில் இழுக்கும் குறட்டை என்றால் மைக்கோபிளாஸ்மா. சளியே இல்லாமல் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து, தலையை உதறினால் மூச்சுக்குழல் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் புழுநீக்க மருந்துதான் வேண்டும். அலகைத் திறந்து பாருங்கள்: உள்ளே மஞ்சள் படலம் இருந்தால் தொண்டை அம்மையாக இருக்கலாம். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் கசிந்து மூச்சு அடைத்துவிடும்.

பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல், அதோடு கழுத்துத் திருகல், கால் இழுத்தல் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய். அதற்கு மருந்து கிடையாது. கொண்டை நீலம்பாரித்துப் பல கோழிகள் திடீரென்று செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது அறுக்கவோ விற்கவோ வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். உடனே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள்.

மூடிய கண்ணுக்கு: அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிடுங்கள். அதில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் கண்மேல் வைத்தால் பொருக்கு ஊறிவிடும், மெல்லத் துடைக்கலாம். காலை மாலை செய்யுங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சு இன்னொன்றுக்கு ஆகாது. கண் திறக்காத கோழிக்குத் தீனி தெரியாது; கஞ்சியில் பிசைந்த கம்பு மாவை அலகருகே காட்டுங்கள். பாதிக் கோழிகள் சளியைவிடப் பட்டினியால்தான் போகின்றன என்பது என் கணிப்பு.

கொரைசாவுக்கோ மைக்கோபிளாஸ்மாவுக்கோ எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கலக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வளர்ந்த கோழி நாளைக்கு 200 முதல் 250 மில்லி குடிக்கும். ஐந்து கோழிக்கு ஒன்றே கால் லிட்டர் போதும். கொல்லையில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்துத் தண்ணீரைத் தொடாது. தினமும் புதிதாகக் கலக்குங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் கிளிஞ்சல், சுண்ணாம்பு, பால் வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். குணம் தெரிந்ததும் பாதியில் விட்டால் சளி திரும்பும். மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்த முட்டையையும் இறைச்சியையும் சாப்பிடக் கூடாது. துளசி, தூதுவளை கொடுப்பதில் தவறில்லை, ஆனால் வீங்கிய முகத்துக்கு அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

இரவில் கொட்டகையில் கோழி உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுங்கள். கண் எரிந்தால், எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு சேர்ந்திருக்கிறது; அதுதான் மூச்சுக்குழலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடுகிறது. ஈரக் கூளத்தின் மேலேயே சுண்ணாம்பு தூவாதீர்கள், வாடை இன்னும் கூடும். ஈரத்தை முழுக்க அள்ளிவிட்டு, தரை காய்ந்ததும் தூவி, புதிய உமி பரப்புங்கள். மேல்பக்கக் காற்றுவழியைத் தார்ப்பாயால் அடைக்காதீர்கள்.

நலமான கோழிகளுக்கு மட்டும் தடுப்பூசி போடுங்கள். ராணிக்கெட்டுக்குக் குஞ்சின் 7ஆம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாளில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, 8ஆம் வாரத்தில் இறக்கைத் தோலடியில் அரை மில்லி ஊசி. லசோட்டா கொடுத்த சில நாளில் லேசான தும்மல் வந்து போகும், அதற்கு மருந்து வேண்டாம்.

இனிச் சந்தைக் கோழியை 30 நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள். இப்போது குணமாகும் கோழிகள் பார்வைக்குத் தெளிந்தாலும் கிருமியை உள்ளே வைத்திருக்கும். விற்கவோ, நலமான கூட்டத்தோடு கலக்கவோ வேண்டாம். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியே குஞ்சுக்கும் இறங்கும் என்பதால், எந்த நோய் என்று உறுதியாகும்வரை அவற்றின் முட்டையை அடை வைக்காதீர்கள்.