43 வயசுல ஃபைப்ராய்டுக்கு (கர்ப்பப்பைல வர்ற, கேன்சர் இல்லாத கட்டி) கர்ப்பப்பையையே எடுத்துடணுமா?

ப்ளீடிங் நிக்கல, "குழந்தை பெத்தாச்சே, எடுத்துடலாம்"னு டாக்டர் சொன்னாங்கன்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க சிஸ்டர். குழந்தை பெத்தாச்சுங்கறது மட்டும் ஒரு காரணமே இல்ல.

என் அக்கா பெரம்பூர்ல இருந்து ஆபீஸுக்கு ட்ரெயின்ல நின்னுக்கிட்டே போவா, சீட் காலியா இருந்தாலும் உக்கார மாட்டா, கறை பட்டுடும்னு பயம், ஹீமோகுளோபின் 7க்கு வந்துடுச்சு. அவளுக்கு முதல்ல பயாப்ஸி எடுத்து கேன்சர் இல்லன்னு பாத்துட்டு மிரினா வச்சாங்க, கர்ப்பப்பைக்குள்ள ஹார்மோனை கொஞ்சம் கொஞ்சமா விடற சின்ன சாதனம், மூணு நாலு மாசம் ஸ்பாட்டிங் படுத்துச்சு, அப்புறம் நல்லா குறைஞ்சுடுச்சு. ஆனா கட்டி உள்பக்கம் துருத்திட்டு இருந்தா மிரினா சரியா நிக்காது, கீழ் வழியா உள்ள விடற கேமரா குழாயான ஹிஸ்டரோஸ்கோப்பில கட்டிய மட்டும் எடுக்கலாம். ப்ளீடிங்கை குறைக்கற ட்ரானெக்ஸாமிக் மாத்திரை, கட்டிக்குப் போற ரத்தத்தை அடைக்கற எம்போலைசேஷன்லாமும் இருக்கு. மெனோபாஸ் வந்தா கட்டி பொதுவா தானாவே சுருங்கும்.

கேன்சர்னா விஷயமே வேற, அங்க தள்ளிப்போடக் கூடாது. மத்த எந்த சிகிச்சைக்கும் ப்ளீடிங் கேக்கலன்னா எடுக்கறது தப்பில்ல, ஆனா ஓவரிய (சினைப்பைய) விட்டுடுவீங்களான்னு கண்டிப்பா கேளுங்க, அதையும் எடுத்தா உடனே மெனோபாஸ், எலும்பு வலுவிழக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டோட எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரில இன்னொரு ஒபீனியன் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.