வாசகர் கேள்வி: குளியலறை இரும்பும் கறளும்

கேள்வி: எங்கள் வீடு முல்லைத்தீவில் கடற்கரைக்கு அண்மையில் உள்ளது. குளியலறையின் இரும்புக் கதவு அடிப்பக்கத்தில் கறள் பிடித்து, எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் அடுத்த மாரிக்குள் கொப்புளித்துக் கழன்றுவிடுகிறது. கறள் பிடிக்காது என்று சொல்லி விற்ற ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் துவாய்க் கம்பியிலும் மண்ணிறப் புள்ளிகள் தெரிகின்றன. லண்டனில் இருக்கும் தங்கையும் தனது குளியலறை ரேடியேற்றரில் இதே தொல்லை என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: கறள் உண்டாவதற்கு நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வேண்டும், உப்பு சேர்ந்தால் அது விரைவுபடும். உங்கள் பகுதியில் வாடைக்காற்றே கடல் உப்பைச் சுமந்து வருகிறது. அடிப்பக்கம் என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் தெரிகிறது: கதவில் தெறிக்கும் நீர் வழிந்து கீழ் விளிம்பில் தேங்குவதோடு, தகடும் சட்டமும் பொருந்தும் இடுக்கினுள்ளும் புகுந்து நாட்கணக்கில் காயாமல் கிடக்கிறது. பெயின்ற் அடிப்பவர்களோ கதவைக் கழற்றாமல் முகப்பை மட்டும் பூசுவதால், அந்த விளிம்பில் தூரிகை படுவதேயில்லை.

கறளின் மேல் பூசும் பெயின்ற், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், நிலைக்காது. சோளகம் வீசும் காய்ந்த நாளொன்றில் கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி வெளியே எடுத்து, கம்பித் தூரிகையாலும் சாண்ட் பேப்பராலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பின்னர் உப்புப் போக நன்னீரால் கழுவி, வெயிலில் முற்றாக உலர்த்தி, அன்றைக்கே அன்ரி கொரோசிவ் எனப்படும் கறள் தடுப்பு அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள். ஒரு இரவு வெறுமனே விட்டாலும் மெல்லிய செந்நிறம் மறுபடி படர்ந்துவிடும். அது காய்ந்த பின் எனாமல் இரண்டு பூச்சு போதும், ஆனால் கதவைத் தலைகீழாக நிறுத்திக் கீழ் விளிம்பையும் இடுக்குகளையும் நிரம்பப் பூச வேண்டும். தகடு ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் பெயின்றுக்குச் செலவழிக்காதீர்கள். ஒட்டு வேலை செய்பவரிடம் கொடுத்து அப்பகுதியை வெட்டி மாற்றலாம். என்னைக் கேட்டால், கடலோரக் குளியலறைக்குப் பிளாஸ்ரிக் கதவே மேல்.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய படலம். உப்பிலுள்ள குளோரைட்டு அதைத் துளைப்பதால்தான் அந்தப் புள்ளிகள். மலசலகூடம் கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் அதே தீங்கைச் செய்யும் என்பதால், அவை தெறித்த இடத்தை உடனே நன்னீரால் கழுவித் துணியால் துடையுங்கள். புதிதாக வாங்குவதாயின் 316 தரம் கேளுங்கள். 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் கலந்த அது, வழமையான 304 தரத்தைவிட உப்புக்கு நன்கு தாக்குப்பிடிக்கும்.

தங்கையின் வீட்டு ரேடியேற்றர் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகை. ஈரத் துவாயை அதன்மேல் போடுவதும், வெப்பம் நிறுத்தப்பட்ட நாட்களில் குளியல் நீராவி அதில் படிவதும் வெளிக்கறளுக்குக் காரணம். அணைத்து, ஆறவிட்டு, கதவுக்குச் சொன்னபடியே சுரண்டி, வெப்பம் தாங்கும் பெயின்ற் பூசச் சொல்லுங்கள். காற்றுறிஞ்சும் விசிறியையும் குளித்து முடிந்த பிறகு சிறிது நேரம் ஓடவிட வேண்டும். ரேடியேற்றருள் அடைபட்ட காற்றை வெளியேற்றும் திருகைத் திறக்கும்போது கரிய நீர் வந்தால் கறள் உள்ளே இருக்கிறது. அதற்குப் பெயின்ற் உதவாது. குழாய் வேலை தெரிந்தவரைக் கொண்டு பழைய நீரை வெளியேற்றி, புதிய நீரில் கறள் தடுப்புத் திரவம் சேர்ப்பிக்க வேண்டும்.